கேட்காத மூச்சு

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எட்டு வருடம் பழகியும் ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. வண்டியின் லைசென்ஸ் எண் தெரியும்: முப்பத்தேழு. பின்பலகையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். ஏழின் கால் பாதி உரிந்திருக்கும். ஐம்பதுகளில் செங்கல்பட்டு ரயிலடியில் நின்ற ஜட்கா வண்டிகள் மொத்தம் இருபத்திரண்டு. ஓட்டியவர்களில் பதினேழு பேரை நாங்கள் ‘பாய்’ என்றே கூப்பிட்டோம். ஆனால் நோஞ்சான் கன்றையோ இருமுகிற குட்டியையோ தூக்கிக்கொண்டு வந்து ஒருவர் “பாய் எங்கே?” என்று கேட்டால், மற்ற பதினாறு பேரும் முப்பத்தேழைத்தான் கை காட்டுவார்கள்.

எண்களாகச் சொல்லிக்கொண்டு போகிறேனே என்று பார்க்க வேண்டாம். என் பிழைப்பே அதுதான். தாலுகா கச்சேரி வளாகத்தில் ஒரு மழைமானி இருந்தது. காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து, விழுந்த மழையை அளந்து பதிவேட்டில் எழுதுவது குமாஸ்தாவாகிய என் வேலை. மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மழை பெய்யவில்லை என்று ஆகாது, நான் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். அந்தப் பயம் எனக்கு வீட்டிலும் போகவில்லை. படிகளை எண்ணுவேன், இட்லியை எண்ணுவேன். இந்த எண்பத்தாறு வயதில் படுத்துக்கொண்டே என் மூச்சை எண்ணுகிறேன். இன்று காலை நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. அதிகம்தான்.

பாய் எண்ண மாட்டார். கேட்பார்.

விடிந்ததும் வண்டி பூட்டுவதற்கு முன்னால் தன் குதிரையின் விலாவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அதன் பெயர் மைனா; வெள்ளையும் இல்லாத சாம்பலும் இல்லாத நிறம். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்பார். எப்போதும் வலது காதுதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “இடது காது சவாரி பேசுறதக் கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போச்சி சார்” என்றார். குதிரையின் நெஞ்சில் ஏதாவது இழுப்பு இருந்தால் “கீது” என்று ஒரே வார்த்தை சொல்வார். கீது என்றால் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சு. அப்படிச் சொன்னால் அன்றைக்கு வண்டி கிடையாது. அவசரம் என்று யார் கெஞ்சினாலும், “குதுர வரமாட்டேங்குது, நான் இன்னா பண்ண” என்று பீடியை வாயில் வைத்துக்கொள்வார். பீடி பற்றவைத்திருக்காது. புகை போனால் தன் நெஞ்சே கரகரக்கும், பிறகு அடுத்த நெஞ்சைக் கேட்க முடியாது என்பார். அப்புறம் எதற்கு வாயில் என்றால் பீடியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. தன் காதால் கேட்காத மூச்சைப் பற்றிப் பேச மாட்டார். அதை நான் முதலில் பார்த்தது ஒரு சந்தை நாளில். பக்கத்து கிராமத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க நடந்து வந்து நின்றார்.

“பாய், மாடு இருமுது. மூணு நாளா. ஒரு மருந்து சொல்லு.”

“மாடு எங்க?”

“வூட்ல கீது. எப்டி இருமுதுன்னு நான் காட்டறேன் பாரு.” அவர் குனிந்து, கழுத்தை நீட்டி, மாடு மாதிரியே இருமிக் காட்டினார். நான்கு தரம் இருமினார். ரயிலடியே சிரித்தது.

பாய் சிரிக்கவில்லை. “இது நீ இருமுற. உன் மாடு இருமல. போய் இட்டுகினு வா.”

“அஞ்சு மைலு பாய்.”

“நீ நடந்து வந்த இல்ல? அதுக்கு நாலு காலு கீது.”

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். “சும்மா ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே” என்றேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில், பதிவேட்டில் நான் பொய் மழை எழுதச் சொன்னதுபோல ஒரு அருவருப்பு இருந்தது. “கேக்காத மூச்சுக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன் சார்” என்றார்.

கேட்டுவிட்டால் மூடவும் மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

மாமல்லபுரத்துக்கு ஒரு மேலதிகாரி வருகிறார் என்று என்னைப் போகச் சொன்னார்கள். பஸ்ஸைத் தவறவிட்டேன். பதினெட்டு மைல், பாய் ஒப்புக்கொண்டார், திருக்கழுக்குன்றத்தில் மைனாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு என்ற கட்டுப்பாட்டோடு. வேலை முடிந்து நான் திரும்பி வந்தபோது, அவர் ஒரு கல் பட்டறை வாசலில் குந்தியிருந்தார். எதிரே கல்தச்சர் ஒருவர், மடியில் செம்மண் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. இரண்டு மாதக் குட்டி இருக்கும். அது திடீரென்று முன்கால்களை ஊன்றி, கழுத்தை விறைத்து, பன்றி உறுமுவதுபோல மூச்சை உள்ளே உள்ளே இழுத்தது. கண் பிதுங்கியது. பார்க்கவே பயமாக இருந்தது.

“கல்லுத் தூசி உள்ள எறங்கிடுச்சி பாய். எங்கப்பாவும் இப்டித்தான் இழுத்து இழுத்துப் போனாரு” என்றார் தச்சர். அழுகிற நிலையில் இருந்தார்.

பாய் இடது உள்ளங்கையை உயர்த்தினார். அது அவருடைய வழக்கம்; அந்தக் கை மேலே போனால் எல்லாரும் வாயை மூட வேண்டும். அன்று வாய் மட்டும் போதவில்லை. பட்டறையின் பதினோரு உளிகளில் அந்தத் தச்சருடையது தவிர மற்ற பத்தும் வேலை செய்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நின்றது. கடைசி உளியும் நின்றபோதுதான் கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது தெரிந்தது.

குட்டியின் நெஞ்சில் மூன்று இடத்தில் காதை வைத்தார். பிறகு இரண்டு விரலால் அதன் மூக்கை ஒரு கணம் மூடி, தொண்டையைக் கீழ்நோக்கி நீவிவிட்டார். குட்டி ஒருமுறை எச்சிலை விழுங்கியது. சத்தம் நின்றுவிட்டது. அது எழுந்து அவர் பீடியைப் பிடுங்கப் பார்த்தது; சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சீக்கு ஒண்ணும் இல்ல. தும்மல வெளிய வுடாம உள்ள இழுக்குது. சில குட்டிங்க அப்டித்தான். வந்தா இந்த மாதிரி நீவி வுடு.”

“தூசி இல்லியா பாய்?”

“தூசி உன் நெஞ்சுல கீது. நாய் நெஞ்சுல இல்ல.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தச்சர் குட்டியை அணைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் ஐந்து மைல் தாண்டியிருப்போம். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டேன். “முகத்துக்கு நேரா அதைச் சொல்லணுமா?”

“பக்கத்துல குந்தியிருந்தாரு. கேட்டுதே சார்.”

அவ்வளவுதான் அவருடைய நியாயம். தன் காதோரம் சில மயிர்களை விரலுக்கிடையில் எடுத்துத் தேய்த்து, என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். அப்போது எனக்கு முடி இருந்தது. தேய்த்தேன். நெருப்பில் உப்பு போட்டாற்போல, வெகு தொலைவில், ஒரு பொரிச்சல் கேட்டது. “கெட்டுப்போற நெஞ்சு இப்டித்தான் சார் பேசும்” என்றார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பட்டறை வழியாகப் போனபோது எண்ணிப் பார்த்தேன். பத்து உளிதான் கேட்டது.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். வராமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

எனக்கும் என் மனைவி தனத்துக்கும் முதலில் பிறந்தது பெண் குழந்தை. நாற்பத்தொரு நாள் இருந்தது. பெயர் வைத்திருந்தோம், அதை இங்கே எழுதப் போவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு தனத்துக்கு விஷக்காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சி பாலாடையில் புகட்டினோம். சங்கு மாதிரி ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னப் பித்தளைக் கிண்ணம் அது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கக் கால்மேல் கிடத்தி, பாலாடை மூக்கை வாய்க்குள் வைத்துச் சாய்க்க வேண்டும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தனம் சாய்ப்பாள், நான் எண்ணுவேன். வேளைக்கு ஆறு பாலாடை. அந்த ஆறு என்ற கணக்கை யார் சொன்னார்கள் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். யாரும் சொன்னதாக நினைவில்லை. நானாகத்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

நான்காவது பாலாடையிலேயே குழந்தை முகத்தைத் திருப்பும். “போதும் போலிருக்குங்க” என்பாள் தனம்.

“இன்னும் ரெண்டு” என்பேன்.

முப்பத்துநாலாம் நாள் அதன் நெஞ்சில் ஈரமாக ஒரு சத்தம் வந்தது. டாக்டர் நெஞ்சுச் சளி என்றார், ஊசி போட்டார். ஏழு நாள்.

அதற்குப் பிறகு தனம் மூன்று மாதம் எதிலும் கை வைக்கவில்லை. சோற்றை வடிக்க மறப்பாள். நான் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். தை மாதம் ஏரிக்கரைச் சாலையில் ஒரு பெட்டை நாய் லாரியில் அடிபட்டது. அதன் குட்டிகள் நான்கு. இரண்டு அன்றே செத்தன, ஒன்றை யாரோ எடுத்துப் போனார்கள். நான்காவதைத் தனம் முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். கண் திறக்கவில்லை. என் கட்டைவிரல் மூன்றைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. அலமாரி மேல்தட்டிலிருந்து பாலாடையை எடுத்து வெந்நீரில் கழுவினாள். மூன்று மாதத்தில் அவள் தானாகத் தேடி எடுத்த முதல் பொருள் அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் என் நோட்டை எடுத்தேன். வேளைக்கு ஒன்றரைப் பாலாடை, நாளுக்கு எட்டு வேளை, ஆகப் பன்னிரண்டு.

ஆறாம் நாள் குட்டி இருமியது. நாய் இருமுவது போலவே இல்லை. யாரோ வாய்க்குள் நாக்கை மடக்கி ஈரமாகச் சொடுக்குவது போல இருந்தது. பால் குடித்ததும் அதிகமாகும். மூச்சு விடும்போது வயிறு உள்வாங்கியது. பக்கத்து வீட்டம்மா வசம்பு சுட்டுத் தடவச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர், எலும்பு ஏதாவது தொண்டையில் மாட்டியிருக்கும் என்றார். கண் திறக்காத குட்டிக்கு எலும்பு எங்கிருந்து வரும் என்று நான் அவரோடு சண்டை போட்டேன்.

“பாயைக் கூட்டிட்டு வாங்க” என்றாள் தனம். “இதுவும் போனா நான் இருக்க மாட்டேன்.”

ரயிலடிக்கு ஓடினேன். பாய் ஒரு சவாரியை இறக்கிவிட்டு வந்தார்.

“எழுபத்திரண்டு” என்றேன், அவர் செருப்பைக் கழற்றும்போதே.

“இன்னா?”

“நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு மூச்சு விடுது பாய். நேத்து அறுபத்தெட்டுதான்.”

“சரி சார். நீங்க எண்ணிகினு இருங்க. நான் கேட்டுகினு வரேன்.”

துண்டை அவிழ்த்தார். இடது கை உயர்ந்தது. குட்டியை வலது உள்ளங்கையில் வைத்து, போன் கேட்பவர் மாதிரி காதுக்குக் கொண்டுபோனார். முதுகுப் பக்கம், விலாப் பக்கம், கடைசியாக முன்கால் இடுக்கில். அங்கே வெகுநேரம் இருந்தார். பிறகு தன் வாயாலேயே அந்தச் சொடுக்குச் சத்தத்தை மெதுவாகச் செய்து பார்த்தார். அச்சாக அதே சத்தம்.

“பாலு எப்டிக் குடுக்கிறீங்க, காட்டும்மா.”

தனம் காலை நீட்டி உட்கார்ந்தாள். குட்டியை மல்லாக்கக் கிடத்தினாள். பாலாடையைச் சாய்த்தாள். நான் பக்கத்தில் நின்று “ஒண்ணு” என்றேன். பழக்கம். குட்டி காலை உதைத்துக்கொண்டது. பாய் குனிந்து அதன் மூக்கை விரல் நுனியால் தொட்டு, தனத்திடம் காட்டினார். வெள்ளையாக ஒரு குமிழி.

“மூக்குல பாலு வருது பாரு. எத்தினி குடுக்கிறது?”

“ஒன்றரை” என்றேன் நான்.

“அது போதும்னு சொல்லுதா?”

“நாய்க்குட்டி எப்படிச் சொல்லும் பாய்?”

“மூஞ்சத் திருப்பும் சார்.”

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. குட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். “மல்லாக்கப் போட்டு ஊத்துனா பாலு வயித்துக்குப் போவாது. மூச்சுக் கொழாய்க்குப் போயிடும். போனது நெஞ்சுல ஊறிகினு கீது. அதான் இந்தச் சத்தம்.” என் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிழித்துத் திரியாக முறுக்கினார். குட்டியைக் குப்புற வைத்து, தலையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி, பாலில் தோய்த்த திரியை வாய்க்குள் நுழைத்தார். குட்டி இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. “இப்டி அது இழுக்கணும்மா. நாம ஊத்தக்கூடாது. மூஞ்சத் திருப்புனா வுட்ரணும்.”

தனம் அந்தத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாலாடையைப் பார்த்தாள். நான் அவளைத் தடுக்க வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை.

“பாய்” என்றாள். “எங்க பாப்பாவுக்கும் கடைசில இந்தச் சத்தம்தான் வந்துச்சு. டாக்டர் நெஞ்சுச் சளின்னாரு. இதே பாலாடைதான். இப்படியேதான் போட்டு ஊத்தினேன். அதுவும் மூஞ்சைத் திருப்பும். அதுக்கும் இதுதானா பாய்?”

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊத்தினேன் என்றாள். யார் எண்ணியது என்று சொல்லவில்லை.

பாய் குட்டியை வேட்டித் துணியில் படுக்க வைத்தார். திரியைக் கிண்ணத்தில் வைத்தார். வாசலில் மைனா காலைத் தட்டியது. கல்தச்சரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த ஆள் சொல்லிவிடுவார், அதோடு இந்த வீடு முடிந்தது என்று நினைத்தேன்.

“இல்லம்மா” என்றார் பாய். “மனுசப் புள்ளைக்குத் தொண்ட வேற, நாய்க்குத் தொண்ட வேற. புள்ளைக்கு இப்டி ஆவாது. பாப்பாக்கு வந்தது நெஞ்சுச் சளிதான். டாக்டரு சொன்னாரு இல்ல? அது சரி. நீ ஒண்ணும் பண்ணல.”

தனம் மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்த எதையோ விட்டவள்போலச் சுவரில் சாய்ந்தாள். அப்புறம் அழுதாள்.

நான் கணக்குப் பார்க்கிறவன். கேட்காத மூச்சைப் பற்றி அந்த மனிதர் வாயைத் திறந்தது அந்த எட்டு வருடத்தில் அந்த ஒரு தரம்தான். அதனாலேயே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. வண்டி வரைக்கும் கூடவே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ரெண்டு வேளையும் வரேன் சார்” என்று குதிரையிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வந்தார். காலையில் முதல் ரயிலுக்கு முன்னால் ஒருமுறை, மாலையில் சவாரி முடித்து ஒருமுறை. வருவார், துண்டை அவிழ்ப்பார், கை உயரும், குட்டியைக் காதில் வைப்பார். “கீது” என்பார். போய்விடுவார். தனம் திரியில் பால் கொடுத்தாள். நாள் முழுக்க அதை நிமிர்த்தியே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளும் கீது. ஐந்தாம் நாள் நான் அவரிடம், “குறைஞ்சிருக்கா? எத்தனை பங்கு குறைஞ்சிருக்கு?” என்று கேட்டேன். “கீது சார். பங்கு கிங்கு எனக்குத் தெரியாது” என்றார். ஒன்பதாம் நாள் மாலை, வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். குட்டி அவர் காது மடலை நக்கியது.

“இல்ல” என்றார்.

நோட்டில் அன்றைய தேதிக்கு நேராகப் பூஜ்யம் எழுதினேன். தனம் அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தாள். அவர் முழுக்கக் குடித்துவிட்டு, “நல்லா கீதும்மா” என்றார். அவர் சொன்ன இரண்டாவது பொய் என்று அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

குட்டி பிழைத்தது. வளர்ந்த பிறகும் அதன் பெயர் குட்டிதான். பதினோரு வருடம் எங்களோடு இருந்தது. கெட்டிக்கார நாய் ஒன்றும் இல்லை. யாரைப் பார்த்தாலும் வாலாட்டும். ஆனால் அது நடையில் படுத்துத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை என்னால் பார்க்க முடியாது. ஒரு முழம் கிழிந்த வேட்டி போதுமானதாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாம் வருடம் மகன் பிறந்தான். இரண்டாம் மாதத்திலேயே தனத்துக்கு மறுபடி பால் குறைந்தது. நான் அலமாரியைப் பார்த்தேன். பாலாடை இல்லை. தனம் ஒரு மெல்லிய வேட்டித் துணியைக் கிழித்துத் திரி முறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையை நிமிர்த்தி மார்போடு பிடித்து, திரியைப் பாலில் தோய்த்து வாயில் வைத்தாள். அவன் இழுத்தான். முகத்தைத் திருப்பியதும் எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “என்ன தனம், புள்ளைக்கு நாய்க்குட்டி மாதிரி பால் குடுக்கறே?” என்று சிரித்தார். தனம் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகை நீவினாள். நான் எத்தனை என்று எண்ணவில்லை. அவள் என்னை எண்ணச் சொல்லவும் இல்லை.

அப்படியானால் அவள் அன்று நம்பவில்லையா? நம்பியது போல எனக்காக நடந்துகொண்டாளா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் பாயைத் தேடிப் போனேன்.

மைனா இறந்த பிறகு அவர் கோவளத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ரயிலடியில் சொன்னார்கள். திருப்போரூர் வரை ஒரு பஸ், கேளம்பாக்கம் வரை இன்னொன்று, அங்கிருந்து உப்பளங்களுக்கு நடுவே மூன்று மைல் நடை. வெயில். அவருடைய மருமகன் கருவாட்டு வியாபாரி. கொட்டகை வாசலில் ஒரு பெட்டியின் மேல் பாய் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியோடு. மெலிந்திருந்தார். வாயில் அதே பற்றவைக்காத பீடி.

“மழ சாரா? இன்னா இம்மாந் தூரம்? அம்மா நல்லா கீறாங்களா? குட்டி?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க. பையன் பொறந்திருக்கான்.”

“கேள்விப்பட்டேன். நல்லா இருக்கட்டும்.”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பக்கத்தில் ஒருவர் கட்டுமரத்தில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அறுபது எழுபது தட்டு எண்ணிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“பாய், அன்னிக்கு தனம் கேட்டாளே. பாப்பாவுக்கும் அதுதானான்னு. நீங்க இல்லன்னீங்க. அது நெசமா?”

அவர் ஆட்டுக்குட்டியின் காதை நீவினார். “அந்தப் புள்ள மூச்ச நான் கேக்கல சார். கேக்காத மூச்சுக்கு வாயத் தொறக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா?”

“அன்னிக்குத் தொறந்தீங்களே.”

“அன்னிக்குக் கேட்டேன் சார்.”

“யார் மூச்சை?”

“அம்மா மூச்ச. எதுர்ல குந்தியிருந்தாங்க இல்ல? அதக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்.”

நான் எதற்கு அவ்வளவு தூரம் வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. “அவ ஊத்தினேன்னு மட்டும் சொன்னா பாய். எண்ணினது நான். அவ போதும்னு சொன்னா. ஒவ்வொரு வேளையும் சொன்னா. இன்னும் ரெண்டுன்னு சொன்னது நான்தான். எனக்கு ஏதாவது சொல்லுங்க. அவளுக்குச் சொன்னீங்களே, அந்த மாதிரி.”

அவர் ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். இடது உள்ளங்கை மேலே போனது. கட்டுமரத்துக்காரர் தட்டுவதை நிறுத்தினார். பாய் என் நெஞ்சில் காதை வைக்கவில்லை. வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சைச் சீராக விடப் பார்த்தேன். வரவில்லை.

“கீது” என்றார்.

வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். கட்டுமரத்துக்காரர் மறுபடி தட்டத் தொடங்கினார்.

“பஸ்ஸு போயிடும், கெளம்புங்க சார்” என்றார். என்னோடு உப்பளம் ஆரம்பிக்கும் இடம் வரை நடந்து வந்தார். “அடுத்த வாரம் ஒருக்கா வாங்க. திரும்பக் கேட்டுப் பாக்கறேன்.”

நான் போகவில்லை.